செருப்பு மாட்டும் நேரத்தில் நின்றுபோன படங்கள்

முதல் வேலை

உதவி இயக்குநராகச் சேர்ந்த முதல் நாள் எனக்குக் கிடைத்த வேலை, டைரக்டரின் செருப்பைப் பார்த்துக்கொள்வது.

விஷுவல் கம்யூனிகேஷன் படித்துவிட்டு வந்தவள் நான். கிளாப் அடிக்கச் சொல்வார்கள், கன்டினியூட்டி எழுதச் சொல்வார்கள், ரொம்ப மோசமாகப் போனால் டீ வாங்கிவரச் சொல்வார்கள் என்று எல்லாவற்றுக்கும் தயாராகித்தான் மந்தைவெளியில் இருந்த அந்த மாடி ஆபீசுக்குப் போனேன். செருப்பைப் பற்றி எங்கள் கல்லூரியில் ஒரு பாடமும் நடத்தவில்லை.

வேலையைக் கொடுத்தது டைரக்டர் இல்லை, டில்லி. பட்டினப்பாக்கத்துக்காரன். டைரக்டர் வைத்தி சாரிடம் எனக்கு முன்பிருந்தே அசோசியேட். ஷூட்டிங் இல்லாத நாட்களில் தன் அண்ணனுடைய ஆட்டோவை ஓட்டுவான். அதாவது, தினமும் ஓட்டுவான்.

"இன்னிக்கு சார் ஒரு புரொடியூசருக்குக் கதை சொல்லப் போறாரு, நீயும் வர்ற" என்றான். "ஆனா கதையக் கேக்காத. கதை முடிஞ்சு அவரு எழுந்ததும் காலையே பாத்துக்கினு இரு. செருப்புல கால் போச்சுன்னா ஜன்னல்ல வந்து எனக்குக் கை காட்டு. நான் கீழ ஆரன் அடிக்கிறேன்."

"எதுக்கு?"

"போனா தெரியும் மச்சி."

வைத்தி சாரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒரு படம் எடுத்திருக்கிறார். சுமாராக ஓடியது. இன்றும் சில ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் டிவியில் போடுகிறார்கள். அதற்குப் பிறகு எதுவும் எடுக்கவில்லை. கதைக்குப் பஞ்சமில்லை, கேட்க வந்த ஆளுக்கும் பஞ்சமில்லை. நான் அவரிடம் இருந்த நாலு வருஷத்தில் மூன்று படங்கள் ஓகே ஆகின. மூன்றும் ஒரே இடத்தில் நின்றன. இடது காலில் செருப்பு மாட்டி, வலது காலில் மாட்டுவதற்குள்.

இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் தம்பி தங்கைகள் இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள்.

லிஃப்ட் வேலை செய்யவில்லை

கதை சொல்லப்போன இடம் அடையாறு. அடுக்குமாடி கட்டி விற்கும் ஒரு பில்டர், சினிமாவில் இறங்க ஆசைப்பட்டார். ஹாலில் சோபா, சோபாவுக்கு முன்னால் முறுக்கு, முறுக்குக்கு முன்னால் வைத்தி சார்.

நரேஷன் என்றால் சிலர் பேப்பரைப் பார்த்து வாசிப்பார்கள். வைத்தி சார் படத்தையே ஓட்டுவார். டீப்பாயில் விரலால் தட்டினால் மழை. கன்னத்தை உப்பி விட்டால் பஸ் பிரேக். பாட்டு வரும் இடத்தில் பாடுவார், சண்டை வரும் இடத்தில் முறுக்குத் தட்டை நாமாகவே நகர்த்தி வைத்துவிட வேண்டும். நடுவில் "இடைவேளை" என்று சொல்லிவிட்டு நிஜமாகவே நிறுத்துவார். யாராவது பாத்ரூம் போய்விட்டு வரட்டும் என்று காத்திருப்பார்.

கதை இதுதான். தி.நகரில் ஒரு பழைய அடுக்குமாடி. தீபாவளி நெரிசல். ஒரு திருடன் நகைப்பையுடன் லிஃப்டில் ஏறுகிறான். அதே லிஃப்டில் ஒரு ரிட்டையர்டு ஜட்ஜ். நடுவில் கரண்ட் போய்விடுகிறது. பையில் இருப்பது ஜட்ஜ் வீட்டு நகை. அது திருடனுக்கும் தெரியாது, ஜட்ஜுக்கும் தெரியாது. நமக்கு மட்டும் தெரியும்.

பில்டர் சிரித்தார், பயந்தார், மறுபடி சிரித்தார். அவர் மனைவி கரண்டியோடு வந்து நின்றவர் அப்படியே நின்றுவிட்டார். உள்ளே எதுவோ கருகிய வாசனை வந்தும் யாரும் அசையவில்லை. முடிந்ததும் பில்டர் எழுந்து கை கொடுத்தார். பண்ணுகிறோம் என்றார், வெள்ளிக்கிழமை வாருங்கள் என்றார். என் முதல் நாளிலேயே ஒரு படம். காலைப் பார்க்க வேண்டும் என்பதையே மறந்துவிட்டேன்.

வாசலுக்கு வந்தோம். சாரின் இடது கால் செருப்புக்குள் போனது. வலது கால் அந்தரத்தில் நின்றது.

"ஒரு சின்ன விஷயம் சார்" என்றார் வைத்தி சார். "இதுலயே லிஃப்டே இல்லாம ஒரு வெர்ஷன் இருக்கு."

பில்டரின் சிரிப்பு அப்படியே உறைந்தது. "லிஃப்ட் இல்லாம எப்படி சார் மாட்டிப்பாங்க?"

"மாட்டிக்கவே மாட்டாங்க. அதான் சார் அழகு. லிஃப்ட் ரிப்பேர். ரெண்டு பேரும் படியில ஏறிட்டே பேசுறாங்க. மாடிக்கு ஒரு உண்மை வெளில வருது."

நான் ஜன்னலுக்கு ஓடிக் கை காட்டினேன். டில்லி ஹாரனை அடித்துத் தள்ளினான். ஒரு பலனும் இல்லை. ஒற்றைச் செருப்போடு நின்றபடியே இரண்டாவது கதையை மொட்டைமாடி வரை ஏற்றிவிட்டுத்தான் வலது காலைக் கீழே வைத்தார். பில்டர் தாடையைச் சொறிந்துகொண்டு, எது நன்றாக இருக்கும் என்று யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.

தி.நகரில் புடவை எடுத்தவர்களுக்கு இது புரியும். அலசி அலசி ஒன்றை எடுத்து, பில் போட்டு, பையைக் கையில் வாங்கிய பிறகு கடைக்காரர், "இதைவிட நல்ல கலர் மேல் மாடியில இருக்கும்மா" என்றால் எப்படி இருக்கும்? மேலேயும் போகத் தோன்றாது, கையில் இருப்பதும் பிடிக்காது.

ஆபீசில் டில்லி எனக்கு ஒரு அகராதி சொல்லிக் கொடுத்தான். போன் பண்ணும்போது "சார் மீட்டிங்ல இருக்காரு" என்றால் படத்துக்கு இன்னும் மூச்சு இருக்கிறது. "வெளியூர் போயிருக்காரு" என்றால் இழுத்துக்கொண்டிருக்கிறது. "எந்த வைத்தி?" என்றால் பால் ஊற்றியாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை போன் பண்ணினேன். எந்த வைத்தி என்றார்கள்.

அம்மா போட்ட கண்டிஷன்

எங்கள் வீடு சாந்தோமில். அம்மா பள்ளி ஆசிரியை, அம்மாவின் அக்கா ஆசிரியை, அத்தைகள் இருவரும் ஆசிரியைகள். நான் சினிமாவுக்குப் போகிறேன் என்றபோது அம்மா கத்தவில்லை. கண்டிஷன் போட்டார். ஒரு படத்திலாவது திரையில் என் பெயர் வர வேண்டும். அதற்கு நாலு வருஷம் டைம். வராவிட்டால் பேசாமல் பி.எட். சேர்ந்துவிட வேண்டும்.

அம்மாவும் சும்மா இருக்கவில்லை. ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் யாராவது விசாரித்தால், "படம் போய்க்கிட்டிருக்கு" என்பார். எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று அவரும் சொல்லமாட்டார், நானும் சொல்லமாட்டேன். டிவியில் எந்தப் படம் முடிந்தாலும், கடைசியில் சின்ன எழுத்தில் பெயர்கள் மேலே ஓடும்போது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து பார்ப்பார். நான் வேலையே செய்யாத படங்களிலும் என் பெயரைத் தேடுவார்.

எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அந்தச் சின்ன எழுத்தில் ஒரு வரி.

வஞ்சிரம்

அடுத்தது ஒரு ஹீரோ. பெயர் வேண்டாம். கோட்டூர்புரத்தில் ஆற்றைப் பார்த்த ஃபிளாட். மீன் விலையைக் கையில் வைத்திருக்கும் ஒரு பட்டினப்பாக்கம் தாதாவின் கதை. விவரமெல்லாம் டில்லி கொடுத்தது. எந்த மீனை எந்தப் பலகையில் வைப்பார்கள், யார் யாரை எப்படித் திட்டுவார்கள் என்பது வரைக்கும் கச்சிதம். முதலில் சோபாவில் சாய்ந்திருந்த ஹீரோ, இடைவேளைக்குள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். முடிந்ததும் வைத்தி சாரைக் கட்டிப்பிடித்தார். டேட்ஸ் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

இந்த முறை என்னிடம் ஒரு திட்டம் இருந்தது. இடது கால் செருப்பைத் தொட்டதும் பையில் இருக்கும் என் போனிலிருந்து சாருக்கு மிஸ்டு கால். போனை எடுத்துக்கொண்டு பேசியபடியே லிஃப்டுக்குப் போய்விடுவார். டில்லி அங்கே கதவைப் பிடித்துக்கொண்டிருப்பான்.

இடது கால் தொட்டது. அழுத்தினேன். சார் போனை எடுத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"என்ன மெர்லின், நீ இங்கதான நிக்கற?"

ஹீரோ விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பு ஓயும்வரை நாங்கள் எல்லோரும் வாசலில் நிற்க வேண்டியதாயிற்று. சாருக்கு அது போதும்.

"ஒரு சின்ன விஷயம் சார். ஹீரோ இடைவேளைலயே செத்துட்டா?"

"யாரு, நானா?"

"ஆமா சார். அப்புறம் படம் பூரா உங்க பேச்சுதான். நீங்க இல்லாமலே நீங்க இருப்பீங்க."

"அப்ப செகண்ட் ஹாஃப்ல யார் நடிக்கறா?"

"உங்க தங்கச்சி."

"எனக்கேது தங்கச்சி?"

"கதைல சார்."

ஹீரோவின் மேனேஜர் மிகுந்த மரியாதையோடு கதவைச் சாத்தினார். அவ்வளவு மெதுவாகச் சாத்தப்பட்ட கதவு மறுபடி திறக்காது என்பது டில்லியின் அனுபவம்.

ஆட்டோவில் டில்லி திரும்பிப் பார்க்காமலே கேட்டான். "இன்னா சார், அவரு உயிரோட இருந்தா உங்களுக்கு இன்னா போவுது?"

"செத்தாதான்டா கதை நல்லா இருக்கு."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஆனால் அவர் சொன்னது உண்மை. விடியற்காலையில் அந்தத் தங்கை ஏலக்கூடையின் முன்னால் நின்று, செத்துப்போன அண்ணன் கூவிய மாதிரியே முதல் விலையைக் கூவுகிறாள். கரையே திரும்பிப் பார்க்கிறது. எடுக்காத அந்த ஷாட் இன்றும் எனக்கு மனப்பாடம். பார்த்த படங்களில் பாதி மறந்துவிட்டது.

எங்கள் ஆராய்ச்சி

இரண்டு படம் போனதும் நானும் டில்லியும் இதை ஒரு விஞ்ஞானமாகவே எடுத்துக்கொண்டோம். சார் வீட்டில்கூட விசாரித்தோம். அவர் மனைவி சுதா மேடம் மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்தவர், பேங்கில் வேலை. "உங்களுக்கு சினிமால மட்டும்தான் இந்தக் கஷ்டம்" என்றார். "எங்காத்துல கத்திரிக்காய்க்கே ரெண்டு வெர்ஷன். பாதி கறி பண்ணிண்டிருக்கறச்சே வந்து, இதையே கூட்டா பண்ணியிருந்தா என்னன்னு ஆரம்பிப்பார்."

ஒரு விஷயம் பிடிபட்டது. காபி ஷாப்பில், ஹோட்டல் லாபியில், கார் பார்க்கிங்கில் சொன்ன கதைகளுக்கு இரண்டாவது வெர்ஷன் வரவில்லை. வீடுகளில் மட்டும்தான் வந்தது. வித்தியாசம் என்ன? வீட்டில் செருப்பைக் கழற்றுகிறோம். கிளம்பும்போது ஒரு நிமிஷம் குனிந்து, நின்று, மாட்ட வேண்டியிருக்கிறது. கதை முடிந்துவிட்டது, இனி இது நம் கையில் இல்லை என்று அவருக்கு உறைக்கும் இடம் அதுதான். ஆக, செருப்பு கழற்றாத இடமே பாதுகாப்பான இடம். இதைக் கண்டுபிடித்த அன்று நானும் டில்லியும் லஸ் கார்னரில் ரோஸ்மில்க் குடித்துக் கொண்டாடினோம்.

ஏன் அப்படி என்பது மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை தற்செயலாகத் தெரிந்தது. ஆபீஸ் டிவியில் அவருடைய படமே ஓடிக்கொண்டிருந்தது. ஒரு இடம் வந்ததும் சார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நல்ல சீன்தானே என்றேன்.

"அந்தப் பொண்ணு திரும்பிப் பாத்திருக்கக் கூடாது மெர்லின். எடுக்கும்போது தெரியல, இப்ப தெரியுது. என்ன பண்றது? ஒவ்வொரு தடவை போடும்போதும் திரும்பிப் பாக்கறா."

தோள் மாத்து

மூன்றாவது படத்தின் தயாரிப்பாளர் அரசி மேடம். தி.நகரில் பாத்திரக்கடை. தெற்கத்திக்காரர், பேச்சில் அது அப்படியே இருந்தது. காபி ஷாப்பில் கதை கேட்கலாமே என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அவர் அசையவில்லை. நல்ல காரியத்தை வீட்டில் உட்கார்ந்துதான் கேட்பாராம், அதுவும் சாமி படத்துக்கு முன்னால்.

எனக்கு வைத்த நாலு வருஷம் முடிய இருந்தது. பி.எட். விண்ணப்பம் வீட்டு ஃபிரிட்ஜின் மேல் வந்து உட்கார்ந்துவிட்டது. இது போனால் நான் போனேன்.

கதை மயிலாப்பூர் அறுபத்து மூவர் திருவிழாவில் நடக்கிறது. ஒருவன் ஒரு பெண்ணின் சங்கிலியை அறுத்து வேட்டி மடிப்பில் சொருகிக்கொண்டு கூட்டத்தில் புகுகிறான். அங்கே ஒரு பல்லக்கைத் தூக்க ஆள் குறைகிறது. "ஏய், தோள் குடுய்யா" என்று யாரோ இழுத்துவிடுகிறார்கள். தூக்கிவிட்டான். இனி இறக்க முடியாது. தோள் மாற்ற யாரும் வரவில்லை. நாலு மாட வீதியும் சுற்றியாக வேண்டும். பின்னால் பார்த்தால், சங்கிலியைப் பறிகொடுத்த பெண் கும்பிட்டபடி நடந்து வருகிறாள். கதவு இல்லாத சிறை. பேச்சும் சிரிப்பும் ஓடும் முயற்சிகளுமாக ஹீரோவுக்கு அள்ளிக்கொடுக்கும் வேஷம்.

மேடம் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "பண்ணுவோம் சார்" என்றார்.

அந்த நொடிக்காகவே காத்திருந்தோம். டில்லி முன்னாடியே வாசலில் இருந்த செருப்பை மஞ்சள்பையில் போட்டு ஆட்டோவுக்குக் கொண்டுபோய்விட்டான். நான் சாரின் வலது கையைப் பிடித்தேன், ஓடி வந்த டில்லி இடது கையைப் பிடித்தான். அவசரம் மேடம், அப்புறம் பேசுகிறோம் என்று சொல்லி அவரை மாடிப்படியில் இறக்கினோம். உச்சி வெயில். தார் ரோட்டில் வெறுங்காலோடு குதித்துக் குதித்து ஆட்டோவில் ஏறினார்.

"டேய், செருப்புடா."

"வண்டில கீது சார்."

பாண்டி பஜார் சிக்னலில் பையைத் திறந்தார். உள்ளே பளபளவென்று பக்கிள் வைத்த, ரொம்பப் பெரிய ஒரு ஜோடி. அவருடையதே இல்லை. திரும்பிப் போய் மாற்றலாம் என்றார். உயிரே போனாலும் முடியாது என்றோம். அங்கேயே பிளாட்பாரத்தில் ஒரு பிரவுன் செருப்பு வாங்கி மாட்டிவிட்டோம்.

ஹீரோவை மேடமே ஏற்பாடு செய்தார். அவரிடம் கதை சொன்னது ஒரு ஹோட்டல் லாபியில். எல்லோரும் காலில் போட்டதோடு உட்கார்ந்திருந்தோம். ஒரு பிரச்சினையும் இல்லை. பூஜைக்கு நாள் குறித்தார்கள். அம்மா கோயில் வாசலில், யாரும் கேட்காமலேயே அறிவித்துவிட்டார்.

பூஜை

மாட வீதிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன கல்யாண மண்டபம். கேமராவுக்கு மாலை, கிளாப் போர்டுக்குச் சந்தனம், ஸ்கிரிப்டுக்குக் குங்குமம். நான் காலையிலிருந்து ஓடிக்கொண்டே இருந்தேன். தேங்காய் சரியாக இரண்டாக உடைந்தது. கற்பூரத்தை எல்லோரும் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். முதல் ஷாட்டாக ஹீரோ சாமி படத்தைக் கும்பிட்டார், சார் "கட்" சொன்னார், எல்லோரும் கை தட்டினார்கள். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

பிறகு கூட்டம் வாசலுக்கு நகர்ந்தது. நான் டில்லியைப் பார்த்தேன், அவன் என்னைப் பார்த்தான். வாசலில் மலை மாதிரி செருப்பு.

நாங்கள் எல்லாவற்றையும் யோசித்திருந்தோம். பூஜையில் எல்லோரும் செருப்பைக் கழற்றுவார்கள் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

"மச்சி" என்றான் டில்லி.

சாருடைய பழைய செருப்பாக இருந்தால் காலே கண்டுபிடித்திருக்கும். இது புதுசு. பிளாட்பாரத்தில் வாங்கியது. அந்த மலையில் பாதி அதே பிரவுன். ஒவ்வொன்றாகக் காலை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அரசி மேடம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், அவருடைய செருப்பை யாரோ தேடிக்கொண்டிருந்தார்கள். இந்தப் பக்கம் ஷூ லேஸ் கட்டிக்கொண்டு ஹீரோ, கார் வரக் காத்திருந்தார். வைத்தி சாரின் வாழ்க்கையிலேயே அவ்வளவு நீளமான வாசல் அவருக்குக் கிடைத்ததில்லை.

"ஒரு சின்ன விஷயம் மேடம்" என்றார். "சங்கிலி வேட்டி மடிப்புல இல்ல. வாய்க்குள்ள இருக்கு."

நான் குறுக்கே பாய்ந்து, சார், உங்களை உள்ளே ஐயர் கூப்பிடுகிறார் என்றேன். மேடம் கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டு, அவரைச் சொல்லச் சொன்னார்.

அவர் சொன்னார். கதை இப்போது அந்தப் பெண்ணுடையது. முதல் மூலையிலேயே அவளுக்குத் தெரிந்துவிடுகிறது, இவன்தான் என்று. ஆனால் சாமியைத் தோளில் வைத்திருக்கிறவனை எப்படிப் பிடித்துக் கொடுப்பது? ஒவ்வொரு மூலையிலும் நீர்மோர்ப் பந்தலில் ஒரு டம்ளர் வாங்கி அவன் வாயருகே நீட்டுகிறாள். கை இரண்டும் தண்டில். வெயில். தாகம். வாயைத் திறந்தால் சங்கிலி விழும். தலையை ஆட்டி வேண்டாம் என்கிறான். அடுத்த மூலையில் மறுபடி நீட்டுகிறாள். அவள் கண்ணில் கோபம் இல்லை. நாலாவது மூலையில்...

செருப்புத் தேடிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் குனிந்த நிலையிலேயே கேட்டுக்கொண்டிருந்தார்கள். நாலாவது மூலையில் அவன் வாயைத் திறந்தபோது எங்கள் மேக்கப்மேன் ஒரு கையில் ஒற்றைச் செருப்போடு அழுதார்.

மேடம் நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார். "இதுல்லாய்யா கதை" என்றார். "இதை ஏன் அன்னைக்கே சொல்லல? அன்னைக்குச் சொல்லியிருந்தா இதையே எடுத்திருப்போமே."

வைத்தி சார் எங்களைப் பார்த்தார். நாங்கள் செருப்பு மலையைப் பார்த்தோம்.

ஹீரோ லேஸை விட்டுவிட்டு நிமிர்ந்தார். "சார், அப்ப படம் பூரா நான் வாயே திறக்க மாட்டேனா?"

"கடைசில திறப்பீங்க சார்."

"டயலாக்?"

"வாயில சங்கிலி இருக்கே சார்."

கார் வந்தது. ஹீரோ எல்லோருக்கும் வணக்கம் சொல்லி ஏறினார். சாயங்காலமே அவருடைய டேட்ஸ் வேறு படத்துக்குப் போய்விட்டது. முதல் கதையை வேறு ஹீரோவை வைத்து எடுக்கலாமே என்று மேடமிடம் நான் கெஞ்சினேன். கேட்டதைக் கேட்காத மாதிரி எப்படியம்மா ஆக்குவது என்று கேட்டார். இரண்டாவதை எடுக்கலாமே என்றால், வாயே திறக்காத வேஷத்துக்கு வருகிற ஹீரோவைக் கூட்டிவரச் சொன்னார். இன்றுவரை யாரும் வரவில்லை.

கிளம்பும்போது என்னைத் தனியே கூப்பிட்டார். "அன்னைக்கு அவரை ரெண்டு பேரும் கையப் புடிச்சு இழுத்துட்டு ஓடுனீங்களே. வயித்துக் கோளாறுன்னுல்லா நெனைச்சேன். ஓமத்தண்ணி போடச் சொல்லி, வந்து பாத்தா ஆளைக் காணோம். எங்க கணக்குப்பிள்ளை செருப்பும் இல்ல."

சொல்லாத, எடு

இந்தக் கதையெல்லாம் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். அரசி மேடம் தயாரிப்பில் என் முதல் படம் முடிந்து, வெளியாகக் காத்திருக்கிறது. என் பெயர் வரும் டைட்டில் கார்டை எடிட்டிங் ரூமில் வந்து பார்த்த அம்மா, எடிட்டரிடம் மறுபடி ஓட்டச் சொன்னார். பிறகு எழுத்து கொஞ்சம் சின்னதாக இருக்கிறது என்றார். ஃபிரிட்ஜின் மேல் இருந்த விண்ணப்பம் இப்போது மாவு டப்பாவின் அடியில் இருக்கிறது.

அந்தப் படம் பிழைத்தது எப்படி என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

தோள் மாத்து படம் நின்ற பிறகு, விண்ணப்பத்தின் கடைசி தேதிக்குள் ஒரு கதை எழுதினேன். மகள் படம் எடுக்கிறாள் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்ட ஒரு அம்மா. அந்தப் பொய்யைக் காப்பாற்ற, இல்லாத படத்துக்குப் பூஜை போடும் மகள். மேடம் வீட்டுக்கு நான் தனியாகத்தான் போனேன். டில்லி ஆட்டோவோடு கீழே. துணைக்கு வருகிறேன் என்று வைத்தி சாரும் வந்து ஆட்டோவில் உட்கார்ந்திருந்தார்.

மேடம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பண்ணுவோம்மா என்றார். கும்பிட்டேன், எழுந்தேன், வாசலுக்கு வந்தேன். இடது காலைச் செருப்பில் விட்டேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த இடத்தில் என்னவோ இருக்கிறது. அதுவரை இல்லாத ஒரு கதவு மண்டைக்குள் படாரென்று திறந்தது. அந்த அம்மாவுக்கு முதலிலேயே தெரியும். படம் இல்லை என்று தெரிந்தேதான் ஊரெல்லாம் சொல்கிறாள். பூஜை பொய் என்று தெரிந்தேதான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு முதல் வரிசையில் உட்காருகிறாள். முதல் வெர்ஷனைத் தூக்கிச் சாப்பிடும் வெர்ஷன்.

திரும்பினேன். மேடம் வாசல் வரை வந்திருந்தார். "ஒரு சின்ன..." என்று ஆரம்பித்துக்கொண்டே வலது காலை நீட்டினேன். கால் வெறும் தரையில் பட்டது. வலது செருப்பைக் காணோம்.

எட்டிப் பார்த்தேன். கீழே கேட் அருகில் வைத்தி சார், என் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, வாயை மூடு என்று சைகை காட்டிக்கொண்டிருந்தார்.

"ஒரு சின்ன நன்றி மேடம்" என்றேன். நொண்டியடித்தே படியிறங்கினேன். டில்லி வண்டியை ஓடவிட்டபடியே வைத்திருந்தான்.

பனகல் பார்க் தாண்டியதும் சார் என் பக்கம் திரும்பினார். "என்ன வெர்ஷன்?"

"ஒண்ணுமில்ல சார்."

"எங்கிட்டயே பொய் சொல்றியா? சொல்லு."

சொன்னேன். ஆழ்வார்பேட்டை சிக்னலில் நின்றபோது, மடியில் இருந்த என் செருப்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முதல்ல சொன்னதவிட நல்லா இருக்கு" என்றார்.

"தெரியும் சார்."

"சொல்லாத."

"சரி சார்."

"எடு."

டில்லி கண்ணாடியில் எங்களைப் பார்த்தான். "மொதல்ல அந்தச் செருப்ப அவகிட்ட குடு சார்" என்றான். "இல்லேன்னா அது இல்லாம ஒரு வெர்ஷன் ஆரம்பிச்சிருவ."